போகும்போது கேட்கக் கூடாதது

ஏப்ரல் 3

ஏரோப்பிளேன் ஏறும் முன்னால் என் மச்சினன் சுடலைமுத்து இந்த டைரியைக் கையில் திணித்தான். இன்சூரன்ஸ்காரன் ஓசியில் கொடுத்தது. "அத்தான், அங்க போய் அளக்கிறதையெல்லாம் இதுல எழுதிவைங்க. எப்படியும் மூணு மாசத்துக்குள்ள திரும்பி வந்துருவிய. உக்காந்து படிச்சுச் சிரிக்கலாம்" என்றான். மூணு மாசம் நான் தாக்குப்பிடித்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று ஆறுமுகநேரி பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறான். நேற்று வந்து இறங்கினேன். ஜூலை 2 கெடு. ஏல சுடலை, கத்தியைத் தீட்டி வை.

திருப்பூரில் இருபது நாள், பம்பாயில் பதினாறு நாள், சென்னையில் ஒன்பது நாள் என்று நான் வேலையை விட்டதைக் கணக்குப் பார்க்கிறவன் அவன். அங்கெல்லாம் என் அறிவு அவர்களுக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த நாட்டுக்கு மால்டா என்று பேர். இத்தாலிக்குக் கீழே கடலுக்குள் கிடக்கிறது. நம் தூத்துக்குடி ஜில்லாவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நான் கடற்கரையில் ஒரு பெரிய கண்ணாடி ஓட்டலில் வரவேற்பு அதிகாரி. கதவு முழுக்க என் பொறுப்பு.

கிளம்பும்போது சொர்ணம் வாசல்வரை வந்தாள். பெண்டாட்டி என்றாலும் முறை தெரிந்தவள். "தூரமா?" என்று மட்டும் கேட்டாள். "பக்கம்தான்" என்றேன். பிறகு பதினாலு மணி நேரம் பறந்தேன்.

ஏப்ரல் 6

இங்கே முட்டையை நிமிஷக் கணக்கில் வேகவைக்கிறார்கள். ஒருத்தருக்கு நாலு நிமிஷம், ஒருத்தருக்கு ஆறு. கட்டிலில் ஆளுக்கு நாலு தலையணை. ராத்திரி எந்தத் தலையணையில் தலை வைத்தார்கள் என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டேன், சரியான பதில் வரவில்லை. நல்ல நிழல் இருக்கும்போது வெயிலில் போய்ப் படுக்கிறார்கள். நாம் எட்டு மணிக்கு மேல் குடை தேடுகிற வெயில் அது.

சர்ச் கோபுரத்தில் ரெண்டு கடிகாரம். ஒன்று பத்தே கால் என்கிறது, மற்றது மூணரை. ரிப்பேரா என்று கேட்டேன். இல்லையாம், ஒன்று மனுஷனுக்கு, இன்னொன்று சாத்தானை ஏமாற்ற என்று என்னோடு அறையில் தங்கியிருக்கும் ரெஜி சொன்னான். கோட்டயத்துக்காரன், வேறொரு ஓட்டலில் அடுப்படி வேலை. எனக்கு அந்தப் பொய்க் கடிகாரத்தை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஏப்ரல் 10

ஓட்டல் முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு. கதவைத் தாண்டுகிற எவரையும் நான் விசாரிக்காமல் விடுவதில்லை. வயசு என்ன, பிள்ளைகள் எத்தனை, வீடு சொந்தமா, கூட வந்தவர் என்ன உறவு. ஜெர்மனிக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை அவர் பெண்டாட்டிக்குத் தெரியும் முன்னாலேயே நான் கண்டுபிடித்தேன்.

சூப்பர்வைசருக்கு மட்டும் ஒரு குறை. "வெளியே கிளம்புகிறவர்களிடம் இன்றைக்கு எங்கே போகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டு கேட்கணும். கேட்டால்தான் படகு, பஸ் என்று நாம் ஏற்பாடு செய்து கொடுக்க முடியும். அதை மட்டும் ஏன் நீ கேட்பதில்லை?" என்கிறார்.

கேட்பேனா? படியிறங்குகிற காலைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போன காரியம் விளங்குமா? என் அப்பாவை ஒருத்தன் அப்படிக் கேட்டுத்தான், பெண் பார்க்கப் போன இடத்தில் மாடு முட்டியது. மனசு கேட்காமல் நான் "ஃபார்?" என்று விசாரிக்கிறேன். நம் தூரமாவைத்தான் இங்கிலீஷ் ஆக்கினேன். அவர்கள் முழித்துவிட்டுப் போகிறார்கள். போன காரியம் நல்லபடியாக நடந்திருக்கும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கண்ணாடி ஓட்டலில் இருந்து நானே விலகிக்கொண்டேன். அவர்கள் போக்கு பிடிக்கவில்லை.

நடந்தது சின்ன விஷயம். ஒரு அம்மாவும் ஒரு பையனும் கைகோர்த்து வந்தார்கள். மகனா என்று அன்பாகக் கேட்டேன். மகன் இல்லையாம்.

"கட்டினவனா?" என்று ராத்திரி அறையில் ரெஜி கேட்டான்.

"ஆமா."

அவன் கட்டிலில் விழுந்து சிரித்தான். "அண்ணாச்சி, கேக்கக் கூடாததெல்லாம் கேப்பீங்க. கேக்கச் சொன்னதை மட்டும் கேக்கமாட்டீங்க. உங்களுக்கு யாரு வேலை குடுக்கும்?"

சிரித்து முடித்துவிட்டு அவனே சொன்னான்: சீக்கிரம் வேறு வேலை பிடிக்காவிட்டால் இந்த நாட்டில் இருக்க விடமாட்டார்கள், ஊருக்கு ஏரோப்பிளேன்தான்.

சொர்ணத்திடம் போனில் புது வருஷ வாழ்த்துச் சொன்னேன். ஓட்டலில் என்னைக் கேட்காமல் ஒரு கதவும் திறப்பதில்லை என்றேன். "அப்படியா" என்றாள்.

ஏப்ரல் 18

இன்று ஒன்பது ஓட்டல். எல்லோரும் பயோடேட்டாவை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். கூப்பிடுகிறேன் என்றார்கள். எனக்காக அடிதடி நடக்காமல் இருக்கணும்.

ஏப்ரல் 19

பதினோரு ஓட்டல்.

ஏப்ரல் 22

யாரும் கூப்பிடவில்லை. போன் ரிப்பேராக இருக்கும் என்று ரெஜி போனில் இருந்து என் போனுக்கு அடித்துப் பார்த்தேன். நன்றாக மணி அடிக்கிறது.

ஒரு ஓட்டலில் முன்பு ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டார்கள். முதலாளி மகளைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார்கள், எனக்கு ஏற்கெனவே கல்யாணமாகிவிட்டது என்று விலகினேன் என்றேன். நம்பியது போலத்தான் தலையாட்டினார்கள்.

ஏப்ரல் 26

பக்கத்தில் கோசோ என்று ஒரு குட்டித் தீவு. கப்பலில் அரை மணிக்கும் குறைவு. ரெஜிக்குத் தெரிந்த சமையல்காரர் அங்கே ஒரு விருந்தினர் விடுதியில் ஆள் தேடுவதாகச் சொன்னாராம். ரெஜியே டிக்கெட் எடுத்துத் தந்து, "அண்ணாச்சி, அங்க போய் யாரையும் மகனான்னு கேட்டுராதீங்க" என்று கும்பிட்டான்.

பதினோரு அறைதான். ஓட்டலா அது, நம் பண்ணையார் வீடு மாதிரி. முதலாளி டோரிஸ் என்று ஒரு அம்மா, அறுபது வயசு (கேட்கவில்லை, மதிப்பு). இங்கிலீஷில் அவர் பேசியதை நான் நம் தமிழில் எழுதுகிறேன். என் இங்கிலீஷ் எப்படி என்று யாரும் கேட்க வேண்டாம்.

"கொம்பையா, உனக்கு என்ன வேலை தெரியும்?"

"என்ன தெரியாதுன்னு கேளுங்கம்மா, சீக்கிரம் முடிஞ்சிரும்."

சிரித்தார். காலைப் பலகாரம், படுக்கை விரிப்பு, வாசல் மூன்றும் என் வேலை. ஜூன் கடைசிவரை பார்ப்பாராம். சரிப்பட்டால் நிலையாக எழுதித் தருவாராம். இல்லாவிட்டால் வந்த கப்பல்தான்.

வாசலில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கோடு. வெளியே போகிறவர் எங்கே போகிறார் என்று கேட்டு அதில் எழுத வேண்டும். "எது தப்பினாலும் இது தப்பக் கூடாது" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு விருந்தாளி பாறையில் விழுந்துட்டார். எந்தப் பக்கம் போனார்னு யாருக்கும் தெரியாது. மறுநாள்தான் கண்டுபிடிச்சோம்."

"உசிரோடயாம்மா?"

அவர் அடுப்படிக்குள் போய்விட்டார்.

மே 3

சொர்ணத்திடம் ஓட்டலில் எனக்குத் தனித் தீவு ஒதுக்கியிருப்பதாகச் சொன்னேன். "சாப்பாடு?" என்றாள். இங்கே முயலைக் குழம்பு வைக்கிறார்கள் என்றேன். "வாயை வைக்காதீங்க" என்றாள்.

மே 6

என் கையெழுத்து இங்கே பிரபலமாகிவிட்டது. பலகையைப் பார்த்து டோரிஸ் அம்மா, "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதினதில்லை" என்றார். இன்றைக்கு: 2 – கடற்கரை. 5 – சர்ச். 7 – கோட்டை. 9 – கடற்கரை. நேற்று 5 கோட்டைக்குப் போனதால் இன்றைக்கு சர்ச். ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

மே 15

நாலாம் நம்பர் அறைக்கு வில்லெம் என்று ஒரு ஹாலந்துப் பெரியவர், ரெண்டு மாசத் தங்கல். எழுபத்தெட்டு வயசு. (அவராகத்தான் சொன்னார்.) இடுப்பில் இரும்பு வைத்துத் தைத்திருக்கிறது. தடியை ஊன்றித் தினமும் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்.

"ஃபார்?" என்றேன்.

மற்றவர்களைப் போல முழிக்கவில்லை. நின்று யோசித்தார். "நாட் ஃபார்" என்றார்.

அரை மணியில் வியர்த்து வந்தார். திரும்பி வருகிறவரை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், அதில் குற்றமில்லை. எதுவரை போனீர்கள் என்றேன். மஞ்சள் படகு கட்டியிருக்கிற இடம் வரையாம்.

மே 28

பெரியவர் தினமும் நேற்றைவிடக் கொஞ்சம் கூடப் போகிறார். மஞ்சள் படகு, பிறகு படகு ஏற்றும் சரிவு, பிறகு உப்பளம் ஆரம்பிக்கிற இடம். ஆமாம், இங்கேயும் உப்பளம்! கடலோரப் பாறையைக் குடைந்து குட்டிக் குட்டிப் பாத்தி. என் ஓய்வு நாளில் போய்ப் பார்த்தேன். உப்பு வாருகிற ஒருவரிடம் நான் ஆறுமுகநேரிக்காரன், எங்கள் ஊரில் உப்பு மலை மலையாகக் குவியும், அதில் ஒரு மலை உச்சியில்தான் எனக்குக் காது குத்தினார்கள் என்றேன். அவர் ஒரு கல் உப்பை என் கையில் வைத்தார். நக்கிப் பார்த்தேன். குற்றம் சொல்ல முடியவில்லை.

ஜூன் 10

"ஃபார்?" "நேத்தைவிடக் கொஞ்சம்." தினமும் இதுதான் எங்கள் பேச்சு. இன்றைக்கு உப்பு மூட்டை அடுக்குகிற குகைவரை போய்விட்டார். அதைத் தாண்டி முனையில் ஒரு இடிந்த கல்வீடு இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டுத்தான் ஹாலந்துக்குப் போவாராம். ஏன் என்று கேட்டேன். "தொட முடியுமான்னு பார்க்கத்தான்" என்றார். எனக்கு அந்தக் காரணம் முழுசாகப் புரிந்தது.

பலகை: 4 – கடற்கரை.

ஜூன் 11

தலைவலி. எழுதவில்லை.

ஜூன் 13

ஏல சுடலைமுத்து, இந்தப் பக்கத்தைச் சிரிக்காமல் படி.

நேற்று முன்தினம் பெரியவர் எட்டு மணிக்குக் கிளம்பினார். "ஃபார்?" என்றேன். தடியைத் தூக்கிக் காட்டி, "இன்னிக்குக் கொஞ்சம் தூரம்தான்" என்று சிரித்தார். பதினோரு மணிக்குள் வந்துவிடுவார், வரவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டு கவிழ்த்தபடியே இருந்தது. வெளியே கல்லெல்லாம் கொதிக்கிறது.

டோரிஸ் அம்மா பலகைக்குப் போனார். 4 – கடற்கரை. உடனே கடற்கரைக் கடைக்குப் போன் அடித்தார். அங்கே இல்லை. சமையல்காரரையும் பக்கத்து வீட்டாரையும் மணலுக்கு அனுப்பினார். தண்ணீருக்குள்ளும் பார்க்கச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன். மடித்ததையே திரும்ப மடித்தேன். வாயைத் திறந்தால் கப்பல். திறக்காவிட்டால் அந்த மனுஷன். எனக்கு எத்தனையோ இடத்தில் வேலை போயிருக்கிறது, ஒரு இடத்திலும் போவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததில்லை. இந்த முறை தெரிந்தது.

"அம்மா, அது பொய்" என்றேன்.

"எது?"

"கடற்கரை. அவர் சொல்லலே. நானா எழுதினேன்."

"மத்ததெல்லாம்?"

"எல்லாமே நானா எழுதினதுதான். மே மாசத்துல இருந்து."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆனா அவர் எங்க இருப்பார்னு எனக்குத் தெரியும்" என்றேன். "நேத்து உப்புக் குகை. இன்னிக்கு அதைத் தாண்டித்தான் இருக்கணும். ஒரு நாளும் அவர் முந்தின நாளைவிடக் குறைச்சு நடந்ததில்லே."

டோரிஸ் அம்மாவும் நானும் வேனில் போனோம். நான் பேசாமல் உட்கார்ந்த வண்டி என் ஆயுசில் அது ஒன்றுதான்.

குகையைத் தாண்டி வளைவு. வளைவில் யாரும் இல்லை. இறங்கி, பாறையில் செருப்பு வழுக்க, "ஐயா! ஐயா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். இடிந்த கல்வீட்டுக்குப் பத்தடி முன்னால், ஒரு பாறையின் இத்தனூண்டு நிழலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தண்ணீர் பாட்டில் காலி. முகமெல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்ததும் உதட்டை நக்கிக்கொண்டு, "டூ ஃபார்" என்றார்.

தூக்கிக்கொண்டு வந்தோம். டாக்டர் வந்து பார்த்தார். சுளுக்குதான், இன்னும் ஒரு மணி நேரம் அந்த வெயிலில் இருந்திருந்தால் கதை வேறு என்றாராம்.

சாயங்காலம் டோரிஸ் அம்மா என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன்.

"ஏன் கேக்கலே? சோம்பேறித்தனமா?"

சோம்பேறி என்று சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாகப் புரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு என்னவோ உள்ளதே வாயில் வந்தது. எங்கள் ஊரில் கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கமாட்டோம், காரியம் கெட்டுப்போகும், தூரமா என்றுதான் கேட்போம் என்றேன்.

அவர் கோபத்தை விட்டுவிட்டு யோசிக்க ஆரம்பித்தார். "அப்போ உங்க ஊர்ல ஒருத்தர் திரும்பி வரலேன்னா எப்படித் தேடுவீங்க?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்தேன்.

"எங்க ஊர்ல ஒருத்தன் தெரு முனை தாண்டுறதுக்குள்ள எட்டுப் பேர் பார்த்திருப்பாங்கம்மா. பஸ்ஸுல ஏறினா கண்டக்டர் சொல்லுவான், டீக்கடையில சொல்லுவாங்க. கேக்காமலே எல்லாருக்கும் தெரியும்."

"இங்கே?"

"இங்க பாக்குறதுக்கு ஆளில்லே."

"அதுக்குத்தான் பலகை" என்றார்.

சன்னல் வழியே இந்த ஊர்ச் சர்ச் கோபுரம் தெரிந்தது. இதிலும் ரெண்டு கடிகாரம். அந்தப் பொய்க் கடிகாரத்தை நம்பி யாரும் கப்பலுக்குக் கிளம்புவதில்லை, அதனால் அது என்ன மணி காட்டினாலும் கெடுதல் இல்லை. என் பலகையை இந்த அம்மா நம்பினார்.

"உட்கார்ந்திருக்கறவங்களைக் கேட்கலாமா?" என்றார் திடீரென்று.

"என்னம்மா?"

"வாசல்ல கேட்டாத்தானே தப்பு. காலையில முட்டை கொண்டு வைக்கும்போது கேட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முப்பாட்டன் காலத்து வழக்கத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது எனக்கே தெரியாது. உட்கார்ந்திருப்பவன் கிளம்பவில்லை. கிளம்பாதவனைக் கேட்டால் தோஷமில்லை.

அவர் சாக்பீஸை என் பக்கம் தள்ளினார். "நாளையில இருந்து பலகையில உண்மைதான் இருக்கணும். இல்லேன்னா கப்பல் எட்டரைக்கு."

ஜூன் 14

ரெண்டாம் நம்பர் முட்டை நாலு நிமிஷம், கடற்கரை. ஐந்தாம் நம்பர் ஆறு நிமிஷம், பல் டாக்டர். ஏழாம் நம்பர் முட்டை வேண்டாம், எங்கேயும் போகவில்லை, இருவருக்கும் சண்டை. ஒன்பதாம் நம்பர் சந்தைக்கு. மே மாசம் முழுக்க நான் கோட்டைக்கு அனுப்பிய ஒருத்தர்கூடக் கோட்டைப் பக்கம் போனதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. கோட்டை இந்த ஊரிலேயே இல்லையாம்.

நாலாம் நம்பர் கட்டிலில்.

ஜூன் 27

பெரியவர் தடியோடு வராந்தாவில் நடக்கிறார். "எவ்வளவு தூரம்?" என்றேன். "பூந்தொட்டிவரை" என்றார். மறுபடி முதலில் இருந்து.

ஜூன் 30

டோரிஸ் அம்மா காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரெண்டு தடவை படித்தேன். பிறகு மடித்து வைத்தேன்.

ஜூலை 2

மூணு மாசம். காலையில் சொர்ணத்துக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்தக் கண்ணாடி ஓட்டல்ல நான் இல்லே. பதினோரு நாள்ல அனுப்பிட்டாங்க."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"சித்திரை ஒண்ணாந் தேதி போன் போட்டு, உங்களைக் கேக்காம ஒரு கதவும் திறக்காதுன்னியளே, அன்னிக்கே தெரியும். வேலை இல்லாதப்பதான் நீங்க இப்படிப் பேசுவிய. திருப்பூர்ல இருந்து வந்தப்பவும் இதே பேச்சு."

"அப்போ ஏன் கேக்கலே?"

"போற ஆளைக் கேக்கலாமா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். கடல் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இந்த ரெண்டு வாரமா போன்ல முட்டை வெந்தது, துணி மடிச்சதுன்னுதான் சொல்லுதிய" என்றாள். "அப்பவே நெனச்சேன், இந்த வேலை நிக்கும்னு. சுடலைகிட்டயும் சொல்லிட்டேன். மீசையைத் தடவிக்கிட்டுக் கண்ணாடி முன்னால உக்காந்திருக்கான்."

பத்து மணிக்கு எனக்கு ஓய்வு. உப்பளம் தாண்டி முனைவரை போய், அந்த இடிந்த கல்வீட்டைத் தொட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. தொட முடியுமா என்று பார்க்கத்தான். அங்கிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து பெரியவருக்குக் கொடுக்கவும் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர் கல்லை அவரே தொடட்டும்.

வாசலில் செருப்பை மாட்டினேன். டோரிஸ் அம்மா துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கேட்கவில்லை.

பலகையில் பதினோரு கோட்டுக்கும் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. சாக்பீஸை எடுத்து, தமிழில்தான், நல்ல எழுத்தில் எழுதினேன்.

கொம்பையா – உப்பளம் தாண்டி, முனைவரை. பக்கம்தான்.